கிணற்று நீச்சல்

ஜவ்வாது மலை
ஆகஸ்ட் 11, 2024

கலைவாணிக்கு,

ஃபோன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, எழுதுகிறேன். நான் உனக்குக் கடைசியாக எழுதிய கடிதம் நம் கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது. அதில் பாதி உன் அண்ணன் சொல்லிக்கொடுத்து எழுதியது. இது முழுக்க என்னுடையது, எப்படி இருந்தாலும் பொறுத்துக்கொள்.

போன வாரம் சகலை மோகன் தேன் வாங்க மலைக்கு வந்தார். நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, ஏதோ கத்தரிக்காய் விலை சொல்வது போலச் சொல்கிறார்: "அக்கா இப்போ தெனம் காலைல நீச்சக் கொளத்துக்குப் போறாங்கண்ணா. பெரியவங்களுக்குன்னு ஒரு கிளப்பு இருக்குது, அதுல சேந்துட்டாங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். நம் கீதாஞ்சலியைத் தண்ணீர் கொண்டுபோய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. நான் குளிக்கும்போது தலையில் ஊற்றுகிற சொம்புத் தண்ணீரே பல நாள் எனக்கு ஆகவில்லை. நீ என்னடா என்றால் காலையில் எழுந்து, உடுப்பு மாட்டிக்கொண்டு, நாலு பேரோடு சேர்ந்து நீச்சல் அடிக்கப் போகிறாயாம்.

கல்யாணமான புதிதில் நான் கற்றுக்கொடுத்து நம் கிணற்றில் நீந்தினாய். பிள்ளை பிறந்ததும் விட்டுவிட்டாய். அவள் இருந்தவரை ஒரு நாள் கூட அவளோடு இறங்கியதில்லை. இப்போது யாரைக் காட்ட?

ஏப்ரல் மாதம் நீ பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியபோது, தங்கச்சி நீலாவதி வீட்டில் நாலு நாள் இருந்தால் மனசு ஆறும் என்று நானும் சும்மா இருந்தேன். மனசு இப்படித்தான் ஆறுகிறதா?

சாமைக்குக் களை எடுத்தாகிவிட்டது. ஆடு ஒன்று குட்டி போட்டது. வேறு விசேஷம் இல்லை.

சக்கரவர்த்தி

*

திருப்பத்தூர்
ஆகஸ்ட் 20, 2024

கீதாஞ்சலி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீலாவதி வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். நான் அழுவேன் என்று நினைத்திருப்பாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஃபோனை நான் ஏன் எடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியாதா? எடுத்தால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், பிறகு இரண்டு பேரும் எதையும் பேசாமல் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். எழுதுங்கள். எழுதினால் நடுவில் யாரும் கத்த முடியாது.

யாரைக் காட்டவும் நான் குளத்துக்குப் போகவில்லை. கேளுங்கள். நீலாவதி தைக்கிற கடைக்கு வாணியம்பாடியிலிருந்து வந்து குடியேறிய பத்ருன்னிசா என்று ஒரு அக்கா துணி கொடுப்பார். முட்டி வலிக்கு டாக்டர் நீந்தச் சொன்னாராம். தனியாகப் போக வெட்கம், துணைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டார். நான் முடியாது என்றேன். பிறகு எந்தக் குளம் என்று கேட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தின் குளம், காலையில் பெரியவர்களுக்கென்று விடுகிறார்கள் என்றார்.

அது எந்தக் குளம் தெரிகிறதா? கீதாஞ்சலி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, சேர்த்துவிடுங்கள் என்று உங்களைக் கேட்டாளே, அதே குளம்தான். தீபாவளிக்கு வந்தபோது கேட்டாள். பொங்கலுக்கு வந்தபோது கேட்டாள். கோச்சர் இருக்கிறார்கள், போட்டிக்குக் கூட்டிப்போவார்கள் என்றாள். நான் கற்றுக்கொடுத்தது போதாதா என்று நீங்கள் கேட்டீர்கள். நான் அடுப்படியில் இருந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை.

அவள் ஆசைப்பட்ட இடத்தை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். உள்ளே நீலத் தண்ணீர். மேலே கூரை. அவள் எந்தப் படியில் நின்று பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். கால் தானாக இறங்கிவிட்டது.

அவளோடு நான் ஒரு நாளும் இறங்கவில்லை என்று குத்திக்காட்டியிருக்கிறீர்கள். அது உண்மை. இப்போது இறங்குகிறேன்.

கலைவாணி

*

ஜவ்வாது மலை
செப்டம்பர் 2, 2024

கலைவாணிக்கு,

நீ சொன்னதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் பக்கத்தையும் கேள்.

இந்த ஊரில் நீந்தத் தெரிந்த ஆட்களில் முக்கால்வாசிப் பேர் நம் கிணற்றில் பழகியவர்கள். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிட்டு, இடக்கைப் பக்கமாகவே சுற்றச் சொல்லுவோம். எல்லாரும் ஒரே பக்கமாகச் சுற்றினால்தான் ஒருத்தர் தலையில் ஒருத்தர் மோதாமல் இருக்கலாம். நீயும் அப்படித்தான் பழகினாய். கீதாஞ்சலி நடக்கப் பழகியதற்கும் நீந்தப் பழகியதற்கும் பெரிய இடைவெளி கிடையாது. கிளப்பில் சேர்ந்து கூட்டத்தோடு கற்றுக்கொள்ள அவளுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தானாகப் பழகினால்தான் தண்ணீர் வசப்படும் என்பது என் எண்ணம். அது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

நீ சொல்லிவிட்டாய், நானும் சொல்லிவிடுகிறேன். நானும் நீந்துகிறேன். நீ போன மறு மாதத்திலிருந்து, விடிந்ததும் கல்லேரிக்குப் போகிறேன். அவள் அன்றைக்கு இறங்கிய பாறையிலிருந்து இறங்கி, எதிர்க்கரையில் நம் வீட்டுப் பக்கத்துப் படித்துறை வரைக்கும் நீந்துகிறேன். அவள் தினமும் பழகிய அதே தடம்தான். ஒரு நாளும் தடம் மாறியதில்லை. நேராகப் படித்துறையில் போய்த்தான் ஏறுகிறேன்.

அவள் சிக்கிய அல்லிக்கொடி இருப்பது எவ்வளவோ தள்ளி, இடப்பக்கத்து மூலையில். உனக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும், அங்கே போனால் கொடி காலைப் பிடித்துக்கொள்ளும் என்று. நான் எத்தனை தரம் நீந்தினாலும் அந்தப் பக்கமே போகவில்லை.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

மழை பெய்கிறது. கூரையில் ஓடு ஒன்று நகர்ந்துவிட்டது.

சக்கரவர்த்தி

*

திருப்பத்தூர்
செப்டம்பர் 15, 2024

கீதாஞ்சலி அப்பாவுக்கு,

நீங்கள் தினமும் அந்த ஏரியில் இறங்குகிறீர்கள் என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். கரையில் யாராவது நிற்கிறார்களா? நிற்க மாட்டார்கள். நீங்கள் சொல்லிக்கொண்டு போகிற ஆளா என்ன.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் தண்ணீரில் இறங்க வேண்டுமென்றால் இன்னொருவர் கரையில் நின்று அவர் பெயரைச் சொல்ல வேண்டும். "பத்ருன்னிசா, பாக்குறேன்" என்று நான் சொன்ன பிறகுதான் அந்த அக்கா இறங்குவார். "கலைவாணி, பாக்குறேன்" என்று அவர் சொன்னால்தான் நான் இறங்கலாம். ஃபிஜா என்று ஒரு பெண்தான் கோச்சர். சின்ன வயது, ஆனால் இதில் மட்டும் கறார். ஒரு நாள் அந்தப் பெண்ணே யாரும் பார்க்காதபோது இறங்கிவிட்டாள் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவளைத் திட்டினோம்.

முதல் நாள் எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. இரண்டாவது நாள் பத்ருன்னிசா அக்கா என் பெயரைச் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. நீச்சல் கண்ணாடிக்குள்ளேயே அழுதேன். நம் பெண் பெயரை அன்றைக்கு யாரும் சொல்லவில்லையே.

நான் அங்கே சிரிக்கவும் செய்கிறேன். மறைக்கவில்லை. பத்ருன்னிசா அக்கா தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில் வருவார். மிதக்கப் பழகும்போது காற்று புகுந்து உடுப்பு உப்பிக்கொள்ளும். "நான் நீஞ்சறேனா, இது என்னை இழுத்துக்கினு போவுதா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, எப்படிச் சிரிக்க முடிந்தது என்று நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பிறகு மறுநாளும் போனேன்.

நீங்கள் அந்த ஏரியில் எதைத் தேடுகிறீர்கள்? போன கடிதத்தில் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நிறுத்தியதை எழுதுங்கள். நான் தாங்குவேன்.

கலைவாணி

*

ஜவ்வாது மலை
அக்டோபர் 9, 2024

கலைவாணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதுகிறேன். நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன்.

அவள் தெரிந்தேதான் அந்தப் பக்கம் போனாள் என்று நினைக்கிறேன்.

ஊரும் அதைத்தான் சொல்கிறது. துணி துவைக்கிற சின்னக்குழந்தை அக்கா, நம் முதுகுக்குப் பின்னால் சொன்னது என் காதில் விழுந்தது. "அவ்ளோ நல்லா நீஞ்சற பொண்ணு, அல்லிக்கொடி பக்கம் எதுக்குப் போவுது? வூட்ல இன்னாவோ நடந்திருக்குது." எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியுமே.

அந்தச் சாயங்காலம் நீயும் இருந்தாய். அவள் கடைசியாக ஒரு தரம் கேட்டாள், "ஏம்ப்பா, கிளப்புல சேந்தா இன்னாப்பா?" என்று. நான் சொன்னேன்: "ஏரி சும்மாதான கெடக்குது, போய் நீஞ்சு. யாரு வேணான்னா?" அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள். காலையில் சொல்லாமல் போனாள். நான் போகச் சொன்ன இடத்துக்குத்தான் போனாள்.

பாறையிலிருந்து படித்துறைக்கு நீந்துகிறவள் அந்த மூலைக்கு எப்படிப் போவாள்? ஏதாவது ஒரு காற்று, ஒரு இழுப்பு, ஏதாவது தண்ணீரில் இருக்காதா என்றுதான் தினமும் இறங்கிப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. தண்ணீர் தேங்கி நிற்கிறது. என்னை எங்கேயும் இழுக்கவில்லை. அப்படியென்றால் அவளே போயிருக்கிறாள்.

நீயும் இதை நினைத்துத்தான் பையை எடுத்தாய். என் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் போனாய். இல்லையென்றால் இல்லை என்று எழுது.

சக்கரவர்த்தி

*

திருப்பத்தூர்
அக்டோபர் 24, 2024

உங்களுக்கு,

இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. ஆமாம், நானும் அதைத்தான் நினைத்தேன். தினமும் நினைக்கிறேன். உங்களைப் பார்த்தால் நீங்கள் சொன்னது காதில் கேட்கிறது. கண்ணாடியைப் பார்த்தால் நான் சொல்லாமல் இருந்தது கேட்கிறது. அதனால்தான் வந்துவிட்டேன்.

இப்போதைக்கு எழுத முடியாது. பதில் எதிர்பார்க்காதீர்கள்.

கலைவாணி

*

ஜவ்வாது மலை
டிசம்பர் 12, 2024

கலைவாணிக்கு,

எழுத வேண்டாம் என்றாய், இருந்தேன். சாமை அறுத்து முடிந்தது. இந்த வருஷம் மழை நன்றாக இருந்ததால் விளைச்சல் பரவாயில்லை. உன் பங்குக்கு ஒரு மூட்டை நீலாவதி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், விஜயராஜ் கொண்டுவந்து போடுவான். பக்கத்துக் கொல்லைக்காரன் என்றாலும் அவன்தான் இப்போது எனக்கு அன்றாடம் பேச ஆள். அதுவும் மாடு பற்றித்தான் பேசுவோம்.

மூடுபனி ஆரம்பித்துவிட்டது. காலையில் ஏரி இருப்பதே தெரிவதில்லை. அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது.

நான் உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நீ குளத்துக்குப் போவதைப் பற்றியும் இனி ஒன்றும் சொல்ல மாட்டேன். போ. உன் பெயரைச் சொல்லிப் பார்க்க அங்கே ஆள் இருக்கிறார்கள் என்பது எனக்கு நிம்மதிதான். உண்மையாகச் சொல்கிறேன்.

ஜனவரியில் அவள் போன நாள் வருகிறது. சாமி கும்பிட, படையல் போட என்றெல்லாம் உன் அண்ணன் கேட்டனுப்பினார். எனக்கு அதெல்லாம் வேண்டாம். அன்றைக்குக் காலையில் பாறையிலிருந்து இறங்கி, இந்தத் தடவை படித்துறைக்குப் போகாமல் அல்லிக்கொடிப் பக்கமே போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அவள் கடைசியாகப் பார்த்த இடத்தை நானும் ஒரு தரம் பார்க்க வேண்டும். பிறகு என்ன ஆனாலும் சரி.

மாடுகளை விஜயராஜிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நிலத்துப் பட்டா பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது.

சக்கரவர்த்தி

*

திருப்பத்தூர்
டிசம்பர் 27, 2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே ஃபோன் செய்தேன். இத்தனை மாதம் நான் எடுக்காததற்குப் பழியோ என்னவோ, உங்கள் ஃபோன் அணைந்திருக்கிறது என்றே வந்தது. விஜயராஜுக்குச் செய்தேன். "மாமா நல்லாத்தான் கீறாரு அத்தை, சாணி அள்ளிக்கினு கீறாரு" என்றான். உயிர் வந்தது. உங்களை ஒரு நாளும் தனியாக ஏரிக்கு விடாதே என்று சொல்லியிருக்கிறேன். அவனைத் திட்டாதீர்கள், நான்தான் சொன்னேன்.

பீரோ மேல்தட்டில் பட்டா இருக்கிறது என்று எனக்கு எழுதுகிறீர்களா? ஒரு ஆளைத் தண்ணீருக்குக் கொடுத்தது போதாது என்று இன்னொரு ஆளையும் கொடுக்க வேண்டுமா? நான் விட்டுவிட்டு வந்தேன் என்றால் உங்களை வேண்டாம் என்று வந்தேனா?

சரி. இப்போது நான் சொல்வதை மெதுவாகப் படியுங்கள். இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வராமல் இருந்தால் இன்னும் வைத்திருப்பேன்.

ஃபிஜா எங்களுக்கு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்தச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நம் கிணற்றில் நாம் தலையை மேலே வைத்துத்தானே நீந்துவோம். எனக்கு அது பழகவே நாளானது. பழகின பிறகும் நான் போகப் போக தடம் பிரிக்கக் கட்டிய இடப்பக்கத்துக் கயிற்றில் போய் உரசுவேன். மற்றவர்கள் நேராகப் போகிறார்கள், நான் மட்டும் உரசுகிறேன். வயசாகிவிட்டது என்று நானே கிண்டல் செய்துகொண்டேன்.

ஒரு நாள் நடுவில் கட்டியிருந்த கயிறுகளை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போகச் சொன்னாள். பத்ருன்னிசா அக்கா கரையில் நின்று என் பெயரைச் சொன்னார். இறங்கினேன். நேராகத்தான் போகிறேன் என்று சாமி சத்தியமாக நினைத்தேன் மாமா. கை சுவரில் பட்டது. கண்ணைத் திறந்தால் எதிர்ச்சுவர் இல்லை, இடப்பக்கத்துச் சுவர்.

ஃபிஜா கேட்டாள்: "நீங்க கெணத்துல கத்துக்கிட்டவங்களாக்கா?" ஆமாம் என்றேன். எந்தப் பக்கமாகச் சுற்றுவீர்கள் என்றாள். இடக்கைப் பக்கம் என்றேன். "அதான்க்கா. ஒரே பக்கமா சுத்திச் சுத்தி, வெளிப்பக்கத்துக் கை நீளமா இழுத்துப் பழகிடும். தலை மேல இருந்தா கண்ணு கரையைப் பாத்துச் சரி பண்ணிக்கும், நமக்கே தெரியாது. முகத்தை உள்ள வச்சா கை இழுக்கற வழிக்குப் போய்டுவீங்க. இன்னொருத்தர் பாத்துச் சொன்னாத்தான் தெரியும்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. உடுப்பு மாற்றுகிற அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். பத்ருன்னிசா அக்கா வந்து, என்ன ஏது என்று கேட்காமல், ஈரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மாமா, கீதாஞ்சலி போன பொங்கலுக்கு வந்தபோது எப்படி நீந்தினாள் என்று நினைவிருக்கிறதா? ஃபோனில் வீடியோ பார்த்துப் பழகினேன் என்று, முகத்தை உள்ளே வைத்து நீந்திக் காட்டினாளே. நீங்கள்கூட, இது இன்னா எருமை மாதிரி மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு என்று சிரித்தீர்கள். மற்ற நாளெல்லாம் நடுவில் ஒரு தரம் தலையைத் தூக்கினால் படித்துறை தெரிந்திருக்கும். அன்றைக்கு மூடுபனி. தலையைத் தூக்கியிருந்தாலும் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும்.

நீங்கள் ஒரு நாளும் அந்தப் பக்கம் போகவில்லை என்று எழுதினீர்கள். நீங்கள் தலையை மேலே வைத்து நீந்துகிறீர்கள். அதனால்தான் போகவில்லை.

இதை ஏன் மறைத்து வைத்தேன் என்று உங்களுக்கே விளங்கும். அவள் வேண்டுமென்று போகவில்லை என்றால், அவளை அங்கே கொண்டுபோய் விட்டது நம் கிணறு. நீங்கள் பழக்கிய கை. இந்த இரண்டில் உங்களால் எதைத் தாங்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டால், எனக்கு இதுதான் வேண்டும். நம் கையால் நடந்தாலும் பரவாயில்லை, அவள் நம்மை வெறுத்துப் போகாமல் இருந்தால் போதும்.

நான் சொல்வதை நம்பாதீர்கள். நம்ப மாட்டீர்கள் என்றும் தெரியும். பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் பாருங்கள், ஆனால் தனியாக வேண்டாம். விஜயராஜைப் படகில் வைத்துக்கொள்ளுங்கள், இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் இறங்குவதற்கு முன்னால் அவனை உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். எனக்காகச் செய்யுங்கள்.

கலா

*

ஜவ்வாது மலை
ஜனவரி 8, 2025

கலா,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பட்டணத்துக் குளத்தில் நாலு மாதம் நீந்திவிட்டு என் அப்பா வெட்டிய கிணற்றைக் குற்றம் சொல்கிறாள் என்று கடிதத்தை அப்படியே போட்டுவிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். கொல்லையில் உட்கார்ந்து கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். இரண்டு கையும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

நேற்றுக் காலையில் விஜயராஜிடம் போய்ச் சொன்னேன். பெயர் சொல்ல வேண்டும் என்றதும் அவன் திகைத்துப் போனான். "உம்பேர நான் எப்டி மாமா சொல்றது?" என்றான். சொல்லுடா, அத்தை உத்தரவு என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "சக்கரவர்த்தி, பாக்கறேன்" என்று சொன்னான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

இடுப்பில் கயிறு. அவன் மீன்காரர் பரிசலில், பின்னால். மூடுபனி நன்றாக இறங்கியிருந்தது. பாறையிலிருந்து இறங்கி, கண்ணை மூடி முகத்தை உள்ளே வைத்தேன். மூச்சு முட்டியது. மூச்சுக்கு மட்டும் வாயைத் திருப்பி, மறுபடியும் உள்ளே வைத்து, கையைப் போட்டேன். அவள் எப்படிக் காட்டினாளோ அப்படியே.

கலா, நான் நேராகத்தான் போனேன். படித்துறைக்குப் போகிறேன் என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. இதோ கல் வந்துவிடும், இதோ கை பட்டுவிடும் என்றுதான் ஒவ்வொரு கையும் போட்டேன். விஜயராஜிடம், பார்த்தாயா, நேராகத்தான் வந்தேன் என்று சொல்லி, உனக்கு எழுதிப் போட வேண்டும் என்று வார்த்தைகூட மனசுக்குள் வைத்திருந்தேன்.

கையில் கல் படவில்லை. வழவழவென்று ஒன்று பட்டது. கண்ணைத் திறந்தேன். சுற்றிலும் அல்லி இலை. காலில் கொடி. விஜயராஜ் கயிற்றை இழுத்துவிட்டான்.

நான் நம்பவில்லை. மறுபடியும் பாறைக்குப் போய் இறங்கினேன். மறுபடியும் அங்கேதான். மூன்றாவது தரம், வேண்டுமென்றே வலப்பக்கம் பார்த்து இறங்கினேன். அப்போதும் கை என்னைத் திருப்பி அந்த மூலைப் பக்கம்தான் கொண்டுபோனது. விஜயராஜ் என்னைப் பரிசலில் ஏற்றிவிட்டு, "போதும் மாமா, போதும் மாமா" என்று என் தலையைத் துவட்டினான். அவனும் அழுதான். அவனும் நம் கிணற்றில் பழகியவன்தானே.

நீ கேட்டாயே, எதை என்னால் தாங்க முடியும் என்று. இதைத் தாங்க முடியுமா என்றும் எனக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் சுற்று, இடப்பக்கம் சுற்று என்று கிணற்று மேட்டில் நின்று நான் கத்தியது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கூட ஒரு ஆள் நின்று பார்த்திருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். அவள் கேட்டது அந்த ஒரு ஆளைத்தான். நான் கொடுக்கவில்லை. இதை நான் சாகிறவரை சுமக்க வேண்டியதுதான், சுமக்கிறேன்.

ஆனால் படித்துறையில் ஏறி, ஈரத் துணியோடு நேராகச் சின்னக்குழந்தை அக்காவிடம் போனேன். அங்கே துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நடந்ததைச் சொன்னேன். விஜயராஜும் சொன்னான். அந்த அக்கா துணியைக் கீழே போட்டுவிட்டு, "தெரியாம பேசிட்டேன் சாமி, பொண்ணு மேல பழி போட்டுட்டேன்" என்று வாயில் அடித்துக்கொண்டது. ஊர் முழுக்கத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் போன நாளுக்கு நீ வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. வந்தால் படையல் போடலாம். வராவிட்டாலும் நான் அல்லிக்கொடிப் பக்கம் போக மாட்டேன், பயப்படாதே.

இத்தனை நாளாக, கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் போவதாகவேதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. நேற்றைக்கு அந்தத் தண்ணீரில் அவளுடைய மனசு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதோ வந்துவிட்டேன், இன்னும் கொஞ்சம்தான் என்றுதான் அவள் கடைசி வரைக்கும் நினைத்திருப்பாள். கலா, நம் பெண் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தாள்.

சக்கரவர்த்தி